அம்மாவுக்கு ஒரு கடல்

தேன்கனிக்கோட்டைத் தாலுக்காவில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கும் ஜவளகிரி எங்கள் ஊர். சுற்றிலும் காடு. ராகி முற்றுகிற பனிக்காலம் வந்தால் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கி வரும். ராத்திரியில் பட்டாசுச் சத்தம் கேட்டால், 'யாருக்குக் கல்யாணம்?' என்று கேட்க மாட்டோம். 'யார் கொல்லையில் இறங்கிச்சு?' என்றுதான் கேட்போம். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நான் கடலைப் போட்டோ எடுப்பதைப் பற்றியும், அதற்குக் கேமிரா முன்னால் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடியைப் பற்றியும் எழுத வந்திருக்கிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வீர்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். "பால் கணக்கு எழுதற கை, பார்த்து எழுது" என்றார்.

நான் பிறந்தது தரங்கம்பாடியில். அலைகள் பாடுகிற ஊர் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை இன்னும் கடற்கரையில் நிற்கிறது. அதற்குச் சற்று வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். 1306-ஆம் ஆண்டு வாக்கில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் அந்தக் கற்கள் மேல்தான் எங்கள் விளையாட்டெல்லாம்.

கல்யாணமாகி இங்கே வந்து மூன்று வருஷம் ஆகியிருக்கும். 26.12.2004, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி வாக்கில், மீன் வாங்கப் போன என் சித்தி திரும்பி வரவில்லை. அம்மா அவளைத் தேடித் தெருமுனை வரைக்கும் போனவள், வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டாள். ஓடிப்போய் ஒரு மாடி வீட்டில் ஏறித் தப்பினாள். அன்றைக்கு நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். தரங்கம்பாடி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 2020-இல்தான் மயிலாடுதுறை தனி மாவட்டமாயிற்று.

அதற்குப் பிறகு அம்மா கடற்கரைக்குப் போனதே இல்லை. வீட்டிலிருந்து நாலே தெரு. அப்பா காலமான பிறகு அம்மாவை இங்கே அழைத்து வந்துவிட்டேன். டி.வி.யில் அலை வந்தால் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவாள். இதிலே வேடிக்கை என்னவென்றால், அவளே சாயங்காலம் பூண்டு உரித்துக்கொண்டு, "என்ன ஊருடி இது, பார்த்த எடமெல்லாம் மரமா நிக்குது. கடலப் பார்த்து எத்தன வருஷமாச்சு" என்பாள். பயமும் ஏக்கமும் ஒரே மனசில் எப்படிக் குடியிருக்குமோ தெரியவில்லை, இருந்தது.

என் மகள் டிப்ளமா முடித்து ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய கேமிரா ஒன்று வாங்கினாள். ஒருநாள், "ஆயா, உனக்கு அலையே இல்லாத கடல் எடுத்துத் தரட்டுமா?" என்றாள். நான், "போடி, அலையில்லாத கடல் எங்க இருக்கு?" என்று அதட்டினேன்.

அவள் ஒரு பழைய போட்டோவைக் காட்டினாள். 1838-இல் பாரிஸில் தாகேர் என்பவர் எடுத்த தெருப்படம். நல்ல பகல், ஆனால் தெருவில் வண்டியும் இல்லை, கூட்டமும் இல்லை. ஓரமாக நின்று பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்கிற ஒரு ஆள் மட்டும் தெரிகிறார். அந்தக் காலத்துத் தகட்டில் படம் பதிய நிமிஷக் கணக்காகும். நடந்து போனவர்கள் எல்லாம் பதியாமலே போய்விட்டார்கள். அசையாமல் நின்றவர் மட்டும் பதிந்தார். அலையும் அப்படித்தான். கேமிராவின் கண்ணை ஒரு நிமிஷம் திறந்து வைத்தால் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலந்து, கடைசியில் பாலாடை மாதிரி வழவழவென்று ஆகிவிடும். கல்லும் கோயிலும் அப்படியே நிற்கும்.

"அப்புறம் என்ன, திறந்து வைக்க வேண்டியதுதானே?" என்றேன். அங்கேதான் சிக்கல். பகல் வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் திறந்து வைத்தால் படம் வெள்ளைக் காகிதமாகிவிடும். ஆகவே வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ் முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி வேண்டும். அதற்கு என்.டி. ஃபில்டர் என்று பெயர். வண்ணத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைப்பதுதான் அதன் வேலை.

முதலில் வாங்கியது 700 ரூபாய்க்கு, திருகித் திருகிக் கறுப்பைக் கூட்டிக் குறைக்கிற வகை. ஒன்றிலேயே எல்லாம் என்றால் நமக்குப் பிடிக்காமல் போகுமா? கடல் இல்லாத ஊராயிற்றே, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போய்ச் சோதித்துப் பார்த்தோம். முழுக் கறுப்புக்குத் திருகியதும் படத்தின் நடுவே பெருக்கல் குறி மாதிரி இருண்ட பட்டை விழுந்தது. அந்த வகையில் இரண்டு கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்று சுழல்கின்றன. அளவுக்கு மீறித் திருகினால், அதுவும் அகலமாகப் பிடிக்கிற லென்ஸில், இந்தப் பெருக்கல் குறி வரத்தான் செய்யுமாம். வீடியோ எடுப்பவர்களுக்குச் சௌகரியம், நமக்குச் சரிப்படாது. போதாக்குறைக்கு அருவித் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது.

அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினோம். அம்மா ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், மறு கண்ணை மூடிப் பார்த்தாள். "ஒரு கண்ணுல ரொம்பப் பழுப்பு, ஒரு கண்ணுல கொஞ்சம் பழுப்பு" என்றாள். போன வருஷம்தான் அவளுக்கு வலது கண்ணில் புரை எடுத்தோம்; இடது கண் இன்னும் பாக்கி. வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளித்து, பிறகு பழுப்பேறி, நீல வெளிச்சத்தைத் தடுத்துவிடும். அதை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்ததும் உலகமே நீலமாகத் தெரியும் என்று அப்போது டாக்டர் சொல்லியிருந்தார். அறுவை முடிந்து வந்ததும், "எம் புடவைய யாரு நீலத்துல முக்கினது?" என்று அம்மா கேட்டது அதனால்தான். ஆக, அம்மாவின் இடது கண்ணில் கடவுளே மாட்டிய ஃபில்டர் ஒன்று இருந்தது. பேத்திக்குக் குஷி. அதன் பிறகு எந்தப் படமானாலும், "ஆயா, புதுக் கண்ணால பார்த்துச் சொல்லு" என்று அவளிடம்தான் நிறப் பரீட்சை.

பழுப்பு ஏன் வந்தது என்றால், மட்டமான கறுப்புக் கண்ணாடி நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத் தடுத்துவிட்டு, தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கோட்டை விட்டுவிடும். கேமிரா அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு படத்தைப் பழுப்பாகவோ கத்தரிப்பூ நிறமாகவோ ஆக்கிவிடும். கறுப்பு கூடக்கூட இந்தக் கோளாறு கூடும். லேசான ஃபில்டரில் மலிவு வாங்கினால் பாதகமில்லை. ரொம்பக் கறுப்பானதில் மலிவு வாங்கினால் வீண். நான் பால் சொசைட்டிப் பணத்தில் கொடுத்துக் கற்ற பாடம் இது.

இரண்டாவது தடவை ஏமாந்தது கடைக்காரரால் அல்ல, கணக்கால். இந்த ஃபில்டர்களுக்கு ஒரே சரக்குக்கு மூன்று பெயர். வெளிச்சத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்டாப். அதைப் பாதியாக்கினால் இரண்டு. மூன்று ஸ்டாப் என்றால் எட்டில் ஒரு பங்கு, அதையே என்.டி. 8 என்றும் 0.9 என்றும் எழுதுவார்கள். ஆறு ஸ்டாப் என்றால் 64-இல் ஒரு பங்கு, அது 1.8. பத்து ஸ்டாப் என்றால் 1024-இல் ஒரு பங்கு; பெட்டியில் 1000 என்றோ 3.0 என்றோ இருக்கும். ஆறுக்கும் பத்துக்கும் கொஞ்சம்தானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள், பதினாறு மடங்கு. மகள் அப்பாவிடம், "மூணு பாயின்ட் சைபர்" என்று சொல்லி அனுப்பினாள். அவர் பெங்களூரிலிருந்து 'பாயின்ட் மூணு' வாங்கி வந்து நின்றார். 0.3 என்றால் வெளிச்சம் பாதிதான் குறையும். "கறுப்பா இருக்கான்னு பார்க்க மாட்டீங்களா?" என்றேன். "அரிசியா, உதிர்த்துப் பார்க்க?" என்றார். நல்லவேளை, பிரிக்காத பெட்டி, மாற்றிக் கொடுத்தார்கள். பத்து ஸ்டாப் 4,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. கூடவே ஒரு மூன்று ஸ்டாப்பும் வாங்கினாள்.

அளவும் பார்க்க வேண்டும். லென்ஸ் மூடியின் உள்பக்கம் வட்டத்தில் கோடு போட்ட குறியும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். எங்களுடையது 58 மில்லிமீட்டர். பிற்காலத்தில் பெரிய லென்ஸ் வாங்குவோம் என்று தோன்றினால் 77 ஃபில்டரே வாங்கி, நடுவில் ஒரு வளையம் போட்டுப் பொருத்திக்கொள்ளலாம். பெண்ணுக்குப் பாவாடையில் மடிப்பு வைத்துத் தைக்கிற கணக்குதான். லென்ஸைக் காப்பாற்ற என்று நிரந்தரமாக மாட்டியிருக்கும் வெள்ளைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் கறுப்பை மாட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் படத்தின் மூலைகள் இருண்டுவிடும்.

இன்னொரு வகை மேலே கறுப்பு, கீழே வெளுப்பு என்று பாதிப் பாதியாக இருக்கும். கடலில் வானம் எப்போதும் தண்ணீரைவிடப் பளிச்சென்று இருப்பதால் அது தேவைப்படுகிறது. இது இன்று நேற்றுத் தொல்லை இல்லை. 1850-களிலேயே லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து இரண்டையும் சேர்த்து அச்சுப் போட்டிருக்கிறார். வெறும் கடல் என்றால் அடிவானம் கோடு போட்டது போல இருக்கும். பளிச்சென்று பிரிகிற வகை சரி. எங்கள் ஊரில் கோயில் அடிவானத்துக்கு மேலே நிற்கிறதே, அதன் தலை கறுத்துவிடும். மெதுவாக மங்குகிற வகைதான் வேண்டும். விலையைக் கேட்டோம். வேண்டாம் என்று முடிவு செய்தோம். பதிலுக்கு என்ன செய்தோம் என்று பிறகு சொல்கிறேன்.

போலரைஸர் என்று ஒன்று உண்டு. தண்ணீர் மேல் மினுக்குகிற பளபளப்பை எடுத்துவிட்டு அடியிலிருக்கும் கல்லைக் காட்டும். சூரியன் நமக்குப் பக்கவாட்டில் இருந்தால்தான் அதற்கு முழுப் பலன். எங்கள் கடலில் காலையில் சூரியன் எதிரே எழும். அதனால் அதையும் விட்டோம்.

தை பிறந்து, வடகிழக்குப் பருவக் கொந்தளிப்பு அடங்கியதும் ஓசூரில் மைசூர் ரயில் ஏறி மயிலாடுதுறை போய் இறங்கினோம். நானும் மகளும் மட்டும். அம்மாவை இவர் பார்த்துக்கொண்டார். "அத்தையும் நானும் ரம்மி ஆடிக்கிறோம், நீங்க கெளம்புங்க" என்றார். அம்மாவிடம் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று பொய் சொல்லியிருந்தேன்.

மறுநாள் விடிய ஐந்தரை மணிக்குக் கோயிலடியில் நின்றோம். உண்மையைச் சொல்கிறேன், சுனாமிக்குப் பிறகு நானும் அங்கே போய் நின்றதில்லை. ஊருக்குப் போவேன், அம்மாவைப் பார்ப்பேன், வந்துவிடுவேன். இருட்டில் அந்தச் சத்தம் கேட்டதும் முழங்கால் தளர்ந்தது. மகளிடம் காட்டிக்கொள்ளவில்லை. ஸ்டாண்டை மணலில் ஊன்றி, காற்றில் ஆடாமல் இருக்க அதன் நடுக்கொக்கியில் சாப்பாட்டுப் பையை மாட்டினேன்.

சூரியன் வருமுன் ஃபில்டரே தேவைப்படவில்லை. இருட்டே போதும், சும்மாவே முப்பது விநாடி திறந்து வைக்க முடிந்தது. செலவில்லாத ஃபில்டர் வேண்டுமானால் சீக்கிரம் எழுந்திருங்கள், அவ்வளவுதான். நாம் தினம் எழுகிற நேரம்தானே! ஆனால் அந்த வேளையில் எல்லாம் நீலமாக, சோகமாக விழுந்தது. மகளுக்குத் திருப்தியில்லை.

ஆறரை மணிக்கு மேல் சூரியன் எழுந்து கோயில் கல்லில் மஞ்சள் பூசியதும் அவள் பரபரத்தாள். முதலில் ஃபில்டர் இல்லாமலே படத்தை அமைத்து, கோயிலின் மேல் கூர்மை பார்த்து, தானே ஃபோகஸ் செய்கிற விசையை அணைத்தாள். மாட்டிய பிறகு கேமிராவுக்கு ஒன்றும் தெரியாது, குருடுதான். கணக்கு 1/15 விநாடி காட்டியது. பத்து ஸ்டாப் மாட்டினால் 68 விநாடி. கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தைக் கறுப்புத் துணியால் மூடினாள். அதன் வழியே வெளிச்சம் நுழைந்தாலும் படம் கெடும்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இவ்வளவு கறுப்பாக இருக்கிறதே என்று அந்த ஃபில்டர் வழியாகச் சூரியனைப் பார்த்துவிடாதீர்கள், குழந்தைகளையும் பார்க்க விடாதீர்கள். அது ஆயிரத்தில் ஒரு பங்காகத்தான் குறைக்கிறது. சூரியனைப் பார்க்கத் தயாரிக்கிற கண்ணாடி லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்த பிறகுதான் பார்வை போனது புரியும். கேமிராவின் பின்பக்கத் திரையில் பார்த்துக்கொண்டால் போதும்.

பாதிக் கறுப்புக் கண்ணாடிக்குப் பதிலாக நான் கொண்டு போனது ஒரு புடவை அட்டை. கறுப்புக் காகிதம் ஒட்டியது. 68 விநாடியில் பாதி நேரம் லென்ஸின் மேல் பாதியை அதனால் மறைத்து, கோடு விழாமல் இருக்க விசிறி போல் மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வானத்துக்குப் பாதி வெளிச்சம், கடலுக்கு முழு வெளிச்சம். "அம்மா, முப்பத்து நாலு வரைக்கும் எண்ணு" என்றாள். நான் எண்ணினேன். எண்ணுகிற நேரத்தில் கண்ணை எடுக்க முடியாதே. இத்தனை வருஷம் பார்க்காமல் இருந்ததை எதிரே நின்று பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு அலை வந்து கல்லில் மோதிப் போனது, இன்னொன்று வந்தது. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் குறுக்கே நடந்து போனார். பதறிப்போய் மகளைப் பார்த்தேன். "விடும்மா, அவரு பதிய மாட்டாரு" என்றாள். அப்படியே, பதியவில்லை.

பத்து ஸ்டாப் ஃபில்டர் உப்புக் காற்றிலும் நறநறவென்ற மணலிலும் இறுகி, கழற்ற வரவில்லை. அவள் முறுக்க முறுக்க இன்னும் இறுகியது. நான் கைப்பையில் இருந்த ரப்பர் பேண்டை விளிம்பைச் சுற்றிப் போட்டு, அழுத்தாமல் நாலு விரலால் லேசாகத் திருப்பினேன், வந்துவிட்டது. ஊறுகாய் பாட்டில் திறக்கிற வித்தைதான். முந்தானையால் கண்ணாடியைத் துடைக்கப் போனதற்கு மட்டும் திட்டு வாங்கினேன். முதலில் மணலை ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்த மெத்தென்ற துணியால் உப்பைக் கரைத்து எடுத்து, பிறகுதான் உலர்ந்த துணி. இல்லையென்றால் மணலே கண்ணாடியைக் கீறிவிடும்.

நேரம் மிச்சமிருந்ததால் மூன்று ஸ்டாப்பையும் மாட்டிப் பார்த்தாள். அது அரை விநாடிதான். அலை வந்து மோதும்போது எடுத்தால் கலங்கலாக வந்தது. கல்லிலிருந்து தண்ணீர் வழிந்து திரும்பும்போது எடுத்தால், வெள்ளை நூல் நூலாகக் கடலை நோக்கி இழுத்துக்கொண்டு போவது தெரிந்தது. இருபது முப்பது எடுத்ததில் இரண்டு தேறின.

வீட்டுக்கு வந்து தேன்கனிக்கோட்டையில் பெரிதாகப் பிரிண்ட் போட்டோம். முதலில் 68 விநாடிப் படம். பார்த்தவர்களெல்லாம் 'ஆஹா' என்றார்கள். கடல் பாலாகக் கிடந்தது, மேலே கோயில், மேகம் பஞ்சாக இழுபட்டிருந்தது. அம்மா கையில் வாங்கினாள். புதுக் கண்ணால் பார்த்தாள், பழைய கண்ணால் பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடவில்லை.

"எங்க போயிட்டு வந்தீங்கன்னு அன்னைக்கே தெரியும். செருப்புல மணலு இருந்துச்சு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எடுத்து வைடி. கடலு இப்படிச் சத்தமில்லாம கெடந்தா எனக்கு இன்னும் பயமா இருக்கு" என்றாள்.

மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. நாலாயிரம் ரூபாயும், இரண்டு நாள் லீவும், ரயிலும்! அவள் கட்டிலில் மற்ற பிரிண்ட்டுகளைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அம்மாவே ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன்.

"ஏ புள்ள, இங்க வா" என்று கூப்பிட்டாள். மூன்று ஸ்டாப்பில் எடுத்த அரை விநாடிப் படம் கையில் இருந்தது. விரலை வைத்துக் காட்டினாள். "இது எங்க குந்தியிருந்த கல்லு. நானும் ஒன் சித்தியும். பாரு, தண்ணி திரும்பிப் போவுது."

"ஆமாம்மா."

"போவுதுல்ல?"

"போகுதும்மா."

வேறொன்றும் சொல்லவில்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். சித்தி பேச்சை அவள் தானாக எடுத்தது அன்றைக்குத்தான். அந்தக் கல்லில் உட்கார்ந்து இரண்டு பேரும் கொடுக்காப்புளி தின்றது, அப்பா பெண் பார்க்க வந்த அன்று சித்திதான் கோட்டை வாசலில் ஒளிந்து நின்று உளவு பார்த்துச் சொன்னது, எல்லாம் வந்தது. இவர் ராத்திரி ஷிஃப்ட்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டியவர், வாசலில் நின்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஃப்ரேம் போடக் கொடுத்தபோது கடைக்காரர் கண்ணாடி போடட்டுமா என்றார். அம்மாவுக்குப் புரை எடுத்த கண்ணில் கண்ணாடியின் பளபளப்பு கூசுகிறது; அதனால் மினுக்காத காகிதத்திலேயே பிரிண்ட் போட்டு, கண்ணாடி இல்லாமல் ஃப்ரேம் மட்டும் போட்டோம். கூடத்தில் மாட்டலாம் என்று மகள் ஆணி அடிக்கப் போனாள். "அங்க வேணாம், அடுப்படிக்கு வெளில, நான் பூண்டு உரிக்கிற எடத்துல மாட்டு" என்றாள் அம்மா. தாளிக்கிற புகை படும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.